படித்துறையில் ஓர் அறை

ஐம்பத்தெட்டாம் வருஷம், புரட்டாசி மாதம். மயிலம்மாள் அரிசி மண்டிக்கு வந்து நின்றபோது, ஏதோ நன்கொடை கேட்க வந்திருக்கிறாள் என்றுதான் தர்மராஜ் நினைத்தார். மண்டி அவருடையது. படித்துறைக் கமிட்டிக்கும் அவர்தான் காரியதரிசி.

"பொம்பளைங்க ஈரப்பொடவை மாத்திக்க ஒரு அறை வேணுங்க. நாலு சுவரு, ஒரு கதவு" என்றாள்.

ஸ்ரீரங்கத்தில் காவிரிக் கரையில் இருந்த அந்தச் சின்னப் படித்துறையில் அவள் பன்னிரண்டு வருஷமாக மஞ்சளும் பூவும் விற்றாள். குளித்துக் கரையேறும் பெண்கள், இன்னொருத்தி விரித்துப் பிடிக்கும் துணிக்குப் பின்னால் ஒடுங்கி நின்று உடை மாற்றுவார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே மேல்படியில் சில ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். போன வாரம் ஒரு புதுப்பெண் அந்தக் கண்களுக்குப் பயந்து சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்து போய், காய்ச்சலில் விழுந்தாள். இனிப் பொறுப்பதில்லை என்று மயிலம்மாள் கிளம்பி வந்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே" என்றார் தர்மராஜ். "சரி. படித்துறையில உக்காந்து பொழைக்கிறவங்க சம்மதிக்கட்டும். குளிக்கிற பொம்பளைங்க நூறு பேரு கையெழுத்துப் போடட்டும். அப்புறம் பாப்போம்."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்னார்.

"வாங்கிட்டு வரேங்க" என்று அவள் கிளம்பினாள்.

மறுநாளே நாலு முளைக்குச்சியும் கயிறும் கொண்டுபோய் இடத்தை அளந்து கட்டினாள். தர்ப்பணம் பண்ணி வைக்கும் திருமலை வாத்தியார் எழுந்து வந்தார்.

"இங்க சுவர் எழுப்பினா, பொடவை பிழியற ஜலமெல்லாம் நான் உக்கார்ற இடத்துக்குன்னா வரும்?"

வேண்டாம் என்பதற்கு ஒரு சாக்கு என்றுதான் முதலில் அவளுக்குப் பட்டது. குனிந்து தரையின் சரிவைப் பார்த்தாள். அவர் சொன்னது சரி. முளைகளைப் பிடுங்கி அந்தண்டைப் பக்கம் அடித்தாள். "இப்ப சொல்லுங்க சாமி." அவர் கையெழுத்துப் போட்டார். சவரம் செய்யும் பிச்சைமுத்துவுக்கு, வாசல் மரத்தடியில் வந்தால் தான் உட்காரும் நிழல் போய்விடுமோ என்று பயம். அவருக்காகக் கதவைக் கிழக்கே திருப்பினாள்.

பெண்களிடம்தான் தாவு தீர்ந்தது. "எங்க வீட்டுக்காரரைக் கேக்கணும்" என்று ஒவ்வொருத்தியும் நழுவினாள்.

"அவரா வந்து அங்க பொடவை மாத்தறாரு?" என்று கேட்டாள் மயிலம்மாள். கேட்டுக் கேட்டே கையெழுத்தும் கைநாட்டுமாக நூற்றுப் பதினொன்று சேர்ந்துவிட்டது.

தர்மராஜ் கையெழுத்து நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, தெரு கூட்டும் காளியாயியின் கைநாட்டில் நின்றார்.

"இவளுமா? அப்ப ரெண்டு அறையாக் கட்டுவோம். அவங்களுக்குத் தனியா, கீழ்க்கோடியில."

"ஒரே அறைதாங்க."

"அப்ப ஒண்ணும் கிடையாது."

படித்துறையில் இதைச் சொன்னதும் சிலர் பின்வாங்கினார்கள். "குடுக்கறதை வாங்கிக்கலாமே மயிலு" என்றாள் ஒருத்தி.

"போன ஆடியில உங்க மகளை வெள்ளம் இழுத்துக்கிட்டுப் போனப்ப, முடியைப் புடிச்சுக் கரையில போட்டது யாரு கைங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். காளியாயி சற்றுத் தள்ளி நின்று துடைப்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. துலா ஸ்நானத்துக்குப் பெண்கள் திரண்டு வரும் வெள்ளிக்கிழமை, தூறல் விழுந்துகொண்டிருந்தது. அறுபது பேர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் ஏறவில்லை.

"ஆம்பளைங்க எல்லாரும் படியை விட்டுப் போங்க. அதுவரைக்கும் ஏற மாட்டோம்" என்று மயிலம்மாள் தண்ணீரிலிருந்து குரல் கொடுத்தாள்.

மேல்படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அரைமணி நேரம் போனது. பெண்களுக்குப் பல் கிட்டியது, உதடு நீலம் பாரித்தது. மேல்படியில் ஒருத்தரும் அசையவில்லை. மயிலம்மாளுக்கு ஒரே ஒரு கவலைதான். எவளாவது ஒருத்தி ஏறிவிட்டால் எல்லாம் போயிற்று.

தோளில் துண்டோடு குளிக்க வந்த தர்மராஜ் படியிலேயே நின்றுவிட்டார். "என்ன கூத்து இது?" என்றவரின் கண் கூட்டத்தில் ஒரு முகத்தில் போய் நிலைத்தது. அவர் மனைவி வெள்ளையம்மாள். மயிலம்மாளே அப்போதுதான் அவளைக் கவனித்தாள். பெரிய வீட்டுப் பெண் என்று அவளிடம் கையெழுத்துக்குப் போகவே இல்லை.

"ஏறி வா" என்றார் தர்மராஜ்.

"நீங்க போனாத்தான் வர முடியும்" என்றாள் வெள்ளையம்மாள். "இத்தனை வருஷமா நானும் இங்கதான் பொடவை மாத்தறேன். நீங்க ஒரு நாள் கேட்டதில்ல."

முதலில் எழுந்தவர் வாத்தியார். தர்ப்பணத் தட்டை எடுத்துக்கொண்டு, "ஸ்திரீகள் குளிர்ல நிக்கறா. வாங்கோ எல்லாரும்" என்று படியேறினார். பிச்சைமுத்து பெட்டியை மூடினார். மேல்படிக்காரர்கள் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைசியில் தர்மராஜும் திரும்பி நடந்தார்.

அதற்குமேல் தர்மராஜால் மறுக்க முடியவில்லை; தை மாதம் அறை எழும்பியது. ஒரே அறை. வாசல் நிலைக்கு மேலே தர்மராஜ் தன் அப்பா பெயரைப் பொறித்துக்கொண்டார். மயிலம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் திறப்பு நாளன்று பார்த்தால், கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அதில் ஒரு பூட்டும் தொங்கியது.

"சாவி கமிட்டிகிட்ட இருக்கும்" என்றார் தர்மராஜ். "காலையில தொறந்து விடுவோம்."

மயிலம்மாள் தச்சரைக் கூப்பிட்டாள். "இதைக் கழட்டி உள்பக்கம் போடுங்க. எப்பப் பூட்டறது, எப்பத் தொறக்கிறதுன்னு உள்ள இருக்கிறவ பாத்துப்பா."

தச்சர் தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ் மனைவியைப் பார்த்தார். ஈரத்தலையோடு நின்ற வெள்ளையம்மாள் பார்வையைத் தாழ்த்தவில்லை. அவர் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். தச்சர் திருப்புளியை எடுத்தார்.

காளியாயி மாற்றுப் புடவையோடு வருவதைக் கண்டு, பத்துப் பன்னிரண்டு பெண்கள் பழையபடி துணியை விரித்துப் பிடிக்கக் கரைப் பக்கம் ஒதுங்கினார்கள். மயிலம்மாள் அவர்களைக் கூப்பிடவில்லை. வருகிற நாள் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

"உள்ள வா காளியாயி" என்று வெள்ளையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள். புதுத் தாழ்ப்பாள் சற்று இறுக்கமாக இருந்தது. ரெண்டு தரம் தள்ளிய பிறகுதான் விழுந்தது.