முட்டாள்தனத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டு

நான் பல்செட் செய்கிற தொழிலில் இருந்தவன். என் வேலை சுத்தமாக இருக்கும். நான் செய்துகொடுத்த செட்டை ஒருவர் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்ட பிறகும், அது கொஞ்ச நேரம் அவர் மனைவிக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் இன்றைக்கும் நல்லபடியாக இருக்கிறார், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். எங்கள் குடும்பத்தில்தான் இதை ஒருவரும் நம்புவதில்லை. மழை வருகிறது என்று நான் சொன்னால்கூட, ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடியில் காயும் துணியை எடுப்பார்கள்.

இப்படிப்பட்ட என்னைத்தான் என் சகலை, மனநலச் சட்டப்படி தன்னுடைய நியமனப் பிரதிநிதியாக எழுதிக்கொடுத்திருந்தார். அதாவது, அவருக்காகப் பேச வேண்டிய இடத்தில் அவருடைய வாயாக நான் இருக்க வேண்டும்.

சகலை லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் மேலே போனதும் கீழே வந்ததும் அவர் தயவில்தான். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. ஓயாமல் பேசினார், ஓயாமல் நடந்தார், பிறகு கடப்பாரையை எடுத்தார். மாடியே இல்லாத தன் வீட்டில், கூடத்திலிருந்து மொட்டைமாடிக்கு லிஃப்ட் வைக்கப்போவதாகச் சொல்லிக் கூரையில் சதுரமாக ஓர் ஓட்டை போட்டார். நோயிலும் கை சுத்தம் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கொத்தனார் வந்து அந்த ஓட்டையின் மூலைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் மூலைமட்டத்தைச் சரிசெய்துகொண்டார்.

அதற்கப்புறம் ஒரு காலையில் அவரே பையில் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய், "தலைக்குள்ள மோட்டார் நிக்க மாட்டேங்குது டாக்டர், கொஞ்சம் பிரேக் போடுங்க" என்றாராம். போட்டார்கள். மருந்து பிடித்தது. தூக்கம் திரும்பி வந்தது, அதுவும் வட்டியோடு வந்தது. முதல் வாரம் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் சேர்த்து அவரே தூங்கினார் என்று வார்டில் சொன்னார்கள்.

நோய் இறங்கிவிட்டது. லிஃப்ட் மட்டும் இறங்கவில்லை. "வீட்டுக்குப் போனதும் என்ன செய்வீங்க?" என்று டாக்டர் கேட்டால், மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவேன், காலையில் நடப்பேன், லிஃப்டை முடிப்பேன் என்று சாந்தமாகச் சொன்னார்.

என் கொழுந்தியாளுக்கு, அதாவது சகலையின் மனைவிக்கு, அந்த மூன்றாவது பதில் போதுமானதாக இருந்தது. "அந்த எண்ணம் தலையை விட்டு இறங்குற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்" என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கூடத்தில் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவள் அவள்தான். மழை பெய்தால் எல்லார் வீட்டிலும் கூரைமேல் சத்தம் கேட்கும், அவள் வீட்டில் சோபாமேல் கேட்கும். டாக்டரும் யோசித்துவிட்டு, தானாக முடிவெடுக்கும் தெளிவு இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டுமே என்றார். சகலை, தான் போக வேண்டும் என்று மனநல மறுஆய்வு மன்றத்துக்கு மனுப் போட்டார்.

விசாரணைக்கு முன்னால் அவரைப் பார்க்கப் போனேன். அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. சமூகப் பணியாளர் அம்மா ஒருவர் வாராவாரம் வந்து, சட்டத்தில் உள்ள சொற்களுக்கு விளக்கம் சொல்லிக்கொடுப்பார். ஆளுக்கு ஒரு சொல். அதை வாங்கிக்கொண்ட நோயாளி மனப்பாடம் செய்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாளடைவில் அவரவர் சொல்லே அவரவர் பெயராகிவிட்டது. வாசலில் என்னை வரவேற்றவர் பெயர் சம்மதம்.

"உங்க கையைப் பிடிச்சுக் குலுக்கலாமா?" என்றார்.

"குலுக்குங்க."

"எதுக்குக் குலுக்குறேன்னு சொல்லிடறேன். மரியாதைக்கு. வேண்டாம்னா எப்ப வேணாலும் கையை எடுத்துக்கலாம். பயமுறுத்தலோ வற்புறுத்தலோ கிடையாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அதன் பிறகுதான் குலுக்கினார். சமையல் உட்பட உலகத்தில் எல்லாமே இப்படி நடந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் சாப்பாடு ஆறிப்போகும்.

சகலையின் பெயர் திறன். தீர்மானிக்கும் திறன். அவர் படுக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எனக்கும் பாடம் எடுத்தார். "சொல்ற விஷயம் புரியணும் சகலை. இப்படிச் செஞ்சா இப்படி ஆகும்னு எடைபோடத் தெரியணும். முடிவை வாயாலயோ கையாலயோ தெரிவிக்கணும். இது இருந்தா எனக்குத் திறன் இருக்கு. அவ்வளவுதான்."

"அது சரி, பிரதிநிதியா என்னை எதுக்குய்யா போட்டீங்க? உங்க வீட்டம்மா என்னைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறா."

"அவளுக்கு என்மேல ரொம்பப் பிரியம் சகலை. பிரியம் உள்ளவங்க நான் சொல்றதைச் சொல்ல மாட்டாங்க. எனக்கு எது நல்லதுன்னு அவங்களுக்குத் தோணுதோ அதைச் சொல்லுவாங்க. உங்களுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது."

அது நியாயமாகத்தான் பட்டது. அவருடைய கல்யாணத்தில் என் செருப்பு தொலைந்ததிலிருந்து எங்கள் உறவு அளவோடுதான் இருந்தது.

சமூகப் பணியாளர் அம்மாவிடம் சட்டப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்து படித்தேன். விளக்கங்கள் உள்ள அத்தியாயத்தை முடித்து நிமிர்ந்தபோது, நான் உட்கார்ந்திருந்த டீக்கடைக்கு முதலாளி மாறியிருந்தார்.

விசாரணை மருத்துவமனையின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேசை, ஒரு பக்கம் மட்டும் சுற்றுகிற மின்விசிறி, காகிதம் பறக்காமலிருக்க மேலே வைத்த கண்ணாடிக் குண்டுகள். நடுவில் ஓய்வு பெற்ற நீதிபதி அம்மா. ஒரு பக்கம் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்த மனநல டாக்டர். மறுபக்கம் ஒரு பேக்கரிக்காரர். அவரும் ஒரு காலத்தில் இப்படி ஒரு வார்டில் படுத்திருந்தவர். அப்படி ஒருவரும் மன்றத்தில் இருக்க வேண்டும் என்பது விதி.

கொழுந்தியாள் உட்காரக்கூட இல்லை. "அம்மா, நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன். மாடியே இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் வைக்கிற மனுஷனை உங்க சட்டம் என்னன்னு சொல்லுது?"

நீதிபதி அம்மா பக்கத்தைப் புரட்டினார். "மனநோய்னா என்னன்னு இதுல எழுதியிருக்கு. சிந்தனை, மனநிலை, நினைவு இதெல்லாம் பெரிய அளவுல குலைஞ்சு, எது நிஜம்னு தெரியாம, அன்றாட வாழ்க்கையை நடத்த முடியாம போறது. லிஃப்டைப் பத்தி ஒண்ணும் இல்லை."

"அவருக்கு அப்படித்தானே ஆச்சு!"

"ஆச்சு. இப்ப இருக்கான்னுதான் பார்க்கிறோம். இன்னொண்ணும் எழுதியிருக்கு, கேளுங்க. ஒருத்தர் எடுக்கிற முடிவு மத்தவங்களுக்குத் தப்பாவோ பொருத்தமில்லாமலோ தெரியுதுங்கிற ஒரே காரணத்துக்காக, அவருக்குத் தீர்மானிக்கிற திறன் இல்லைன்னு சொல்லக் கூடாது."

கொழுந்தியாள் இடுப்பில் கை வைத்தாள். "அப்ப முட்டாள்தனத்துக்குச் சட்டத்துல இடம் இருக்குங்கறீங்க?"

"தாராளமா இருக்கு."

"நாம எல்லாம் வேற எங்கம்மா குடியிருக்கோம்?" என்றார் பேக்கரிக்காரர்.

மன்றத்து டாக்டர் சிரிக்கவில்லை. அவர் சகலையைப் பார்த்துத் திரும்பினார். "எனக்கு ஒண்ணு தெரியணும். நோய் முத்தினப்ப வந்த எண்ணம் இது. நோய் போன பிறகும் அப்படியே இருக்கு. இது உங்க ஆசையா, நோயோட மிச்சமா? எதுக்கு உங்களுக்கு இந்த லிஃப்ட்?"

சகலை வாயைத் திறந்தார், மூடினார். மேசையைப் பார்த்தார். அவர் எப்போதுமே பொத்தானை அமுக்கிக் கொஞ்சம் பொறுத்துத்தான் வருகிற ஆள். ஆனால் அந்த அறையில் அந்த மௌனம் நல்லதாகப் படவில்லை. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். இன்னும் ஒரு நொடி போனால் அந்தப் பேனா ஏதாவது எழுதிவிடும், சகலை இன்னும் பல மாதம் திறனாகவே வார்டில் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

நான் எழுந்தேன். "அவர் கூச்சப்படறார் ஐயா. நான் சொல்றேன். எல்லாம் அவர் பெண்டாட்டி முட்டிக்காக."

கொழுந்தியாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த முட்டி படுற பாடு இருக்கே! துணி காயப்போட அவ மாடிப்படி ஏறினா, முட்டி கிறீச்சுங்கிற சத்தத்துல எதிர்வீட்டுக்காரங்க அவங்க வீட்டுக் கதவைத்தான் யாரோ திறக்கறாங்கன்னு எழுந்து வந்து பார்ப்பாங்க. ஒரு தடவை கதவுக்கு எண்ணெய்கூட விட்டாங்க. இதையெல்லாம் இந்த மனுஷன் கேட்டுக்கிட்டுச் சும்மா இருப்பாரா? கைத்தொழில் தெரிஞ்சவர். என் பெண்டாட்டி இனிமே படியேறக் கூடாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டார்."

அறை அப்படியே இளகிவிட்டது. நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பேக்கரிக்காரர் மூக்கை உறிஞ்சினார். தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்தினாள். டாக்டரின் பேனா கீழே இறங்கியது. எல்லாவற்றையும் விட, என் கொழுந்தியாள், என்னை ஒரு நாளும் நம்பாதவள், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு புருஷனைப் பார்த்து, "எனக்காகவா?" என்றாள்.

சகலை தலையை ஆட்டினால் போதும், அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம்.

"இல்லைங்க. இது பொய்" என்றார் சகலை.

மின்விசிறிகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது.

"அவ முட்டி நல்லாத்தான் இருக்கு. நான் இறங்குறதுக்குள்ள அவ மூணு தடவை ஏறி இறங்குவா. லிஃப்ட் எனக்குத்தாங்க. இத்தனை வருஷம் மத்தவங்க லிஃப்டுக்கு அடியில குழியில நின்னேன், மேல கூரையில படுத்தேன். உள்ள ஏறினா, அது வேலை. காது மோட்டார்லதான் இருக்கும். எனக்குன்னு ஒண்ணு வேணும். உள்ள நிக்கணும், மேல போகணும், கதவு திறக்கணும். கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துட்டுத் திரும்ப இறங்கணும். வேற பிரயோசனம் ஒண்ணும் இல்லைங்க."

டாக்டர் முன்னால் சாய்ந்தார். "உங்க சகலை சொன்னதை அப்படியே விட்டிருந்தா உங்களுக்குச் சாதகமாகியிருக்கும். அது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. எல்லார் முகத்தையும் பார்த்தேனே."

"அப்புறம் ஏன் மறுத்தீங்க?"

"அப்புறம் காலம் பூரா அவ நொண்டணுமே டாக்டர்."

பேக்கரிக்காரர் மேசையைத் தட்டினார். டாக்டருக்கே உதடு கொஞ்சம் கோணியது. ஆனாலும் விடவில்லை. "மறுபடியும் தூக்கம் போச்சுன்னா?"

"கருவியையெல்லாம் இவகிட்டக் குடுத்துட்டு நானே இங்க வந்துடுவேன். போன தடவையும் நானேதானே வந்தேன். போனதும் முதல் வேலை ஓட்டைக்கு இரும்பு மூடி. மழைக்காலத்துல லிஃப்ட் வேலை கிடையாது. அவ சோபா நனையக் கூடாது."

டாக்டர் எழுதினார். எழுதிக்கொண்டே, "புரிஞ்சிருக்கு. எடைபோட்டிருக்கார். தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் எடைபோட்டிருக்கார், எனக்கே அந்த மனசு வராது" என்று நீதிபதி அம்மாவிடம் சொன்னார். மூவரும் தலையைச் சேர்த்துக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு நீதிபதி அம்மா, தீர்மானிக்கும் திறன் இருக்கிறது, இன்றே வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்தார். கதவுக்கு வெளியே சம்மதம் நின்றுகொண்டு, "கை தட்டலாமா?" என்று கேட்டது காதில் விழுந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நீதிபதி அம்மாவின் பார்வை என்மேல் வந்து நின்றது.

"பிரதிநிதின்னா என்னன்னு தெரியுமா ஐயா?"

"தெரியும் அம்மா. அவரோட விருப்பத்தை எடுத்துச் சொல்றவர்."

"நீங்க சொன்னது அவர் விருப்பமா?"

"அதைவிட நல்லா இருந்துச்சு அம்மா."

சகலை வருத்தத்தோடு என்னைப் பார்த்தார். "உங்களுக்கும் என்மேல பிரியம் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு சகலை. மன்னிச்சுக்குங்க, உங்களை வச்சுக்க முடியாது." பிறகு நீதிபதி அம்மாவிடம், "பிரதிநிதியை மாத்தலாமுங்களா?" என்று கேட்டார்.

"எப்ப வேணாலும் மாத்தலாம். யாரைப் போடறீங்க?"

அவர் தன் மனைவியைக் காட்டினார். "பிரியம் இருக்கிறவங்கதான் கிடைப்பாங்கன்னா, இவளே இருக்கட்டும்."

கொழுந்தியாள் உடனே சரி சொல்லவில்லை. முகம் சிவந்து நின்றாள். "இவ்வளவு நாளா என்னை விட்டுட்டு அத்தானைப் போட்டு வச்சிருந்தீங்க. அதுவும் போகட்டும். எனக்காக லிஃப்ட்னு அந்தப் பொய்யர் சொன்னதும் ஒரு நிமிஷம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அதையும் பிடுங்கிட்டீங்க." பிறகு மன்றத்தைப் பார்த்தாள். "இவருக்குப் பிரதிநிதின்னா, இவர் வேணும்ங்கிறதைத்தான் நான் சொல்லணுமா? எனக்குப் பிடிக்கலைன்னாலும்?"

"ஆமாம்மா."

"அப்படி நான் இது வரைக்கும் யாருக்கும் செஞ்சதில்லை."

"சம்மதமா?"

கொழுந்தியாள் கணவரை மேலும் கீழும் பார்த்தாள், ஏதோ சரியாகச் சுமை தாங்குமா என்று பார்க்கிற மாதிரி. "சம்மதம்" என்றாள்.

மூன்று பேரும் பேருந்தில் வந்தோம். அவர்கள் இருவரும் முன் இருக்கையில், பதவி போன நான் பின்னால். எங்கள் நிறுத்தம் நெருங்கும்போது கொழுந்தியாள் கேட்டாள்:

"அதுக்குள்ள எத்தனை பேர் நிக்கலாம்?"

சகலை கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொன்னார். "ஒருத்தருக்குத்தான் போட்டேன். வேணும்னா அகலப்படுத்தலாம். ரெண்டு பேர்."

"அகலப்படுத்துங்க. ஓட்டையும் பெரிசாகுமா?"

"ஆகும்."

"ஆகட்டும்."

நான் பின்னாலிருந்து தலையை நீட்டி, "அப்ப நான்?" என்றேன்.

கொழுந்தியாள் திரும்பவே இல்லை. "அத்தானுக்கு முட்டி நல்லா இருக்கு. படியேறி வரட்டும்" என்றாள்.