ராஜாமணி வாண்டட்

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, தபாலாபீஸ் என்று எல்லாச் சுவர்களிலும் போலீஸ் ஒட்டிய படங்கள். மேலே ஆங்கிலத்தில் பெரிதாக ‘வாண்டட்’. தண்டலத்தில் அந்த வார்த்தைக்கு அப்போது ஒரே அர்த்தம்தான்: போலீஸ் தேடுகிறது.

ஒரு படம் ராஜாமணி மாதிரியே இருப்பதாக டீக்கடையில் யாரோ விளையாட்டாகச் சொல்லிவிட்டார்கள். அதே தாடி, அதே ஏறுநெற்றி. ராஜாமணி லேத் ஓட்டுகிறவன். பட்டறை மூடிவிட்டதால் சும்மா இருந்தான். ஒரு புதுக் கம்பெனியில் டெஸ்ட் கொடுத்திருந்தான், தகவல் இல்லை. டீக்கடைப் பேச்சைக் கேட்ட அன்றே தாடியை எடுத்தான். அப்புறம் தெருவுக்கே வரவில்லை.

ஒரு காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் இறங்கி, “ராஜாமணி வூடு இதானே?” என்றார். ராஜாமணி பின்பக்க வேலியைத் தாண்டி ஓடினான். அவன் மனைவி காஞ்சனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அவரு ஊர்ல இல்லீங்க.”

“கம்பெனிலேர்ந்து வரேம்மா. அர்ஜெண்டா வாண்டட். இன்னிக்கே வரச் சொல்லு.”

ஜீப் போனதும் அவள் வயலுக்கு ஓடினாள். பம்புசெட் கொட்டகைக்குள் ராஜாமணி சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

“கம்பெனின்னுதான் சொல்லுவான். போலீசு இப்டித்தான் வருவான்” என்றான்.

“நீ இன்னாய்யா தப்பு பண்ண? ஓடினா சும்மாவே சந்தேகப்படுவாங்க. நான் போய்க் கேட்டுட்டு வரேன்.”

“வேணாம் காஞ்சனா.”

அவள் நிற்கவில்லை. பஸ் ஏறிப் போனாள். கம்பெனி கேட்டில் ஒரு பலகை தொங்கியது. எட்டாவது வரை படித்தவள்; எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். வாண்டட். ஆனால் கீழே படம் எதுவும் இல்லை.

வாட்ச்மேனிடம் கேட்டாள். “இங்க யாரத் தேடுறீங்க?”

“ஆளுங்களத்தாம்மா. லேத்துக்கு, வெல்டிங்குக்கு.”

“பிடிச்சிகினு போறதுக்கா?”

“வேலைக்கும்மா! வாண்டட்னா வேணும்னு அர்த்தம்.”

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து காலையில் வந்த அதே காக்கிச் சட்டைக்காரர் வந்தார். கம்பெனி டிரைவர் பரசுராமன்.

“உன் வூட்டுக்காரரு டெஸ்ட்டுல பாசும்மா. வேலியத் தாண்டி ஓடினத நானும் பாத்தேன். இன்னா, வேலை செய்ய அவ்ளோ பயமா?”

ஜீப்பிலேயே அவளைத் தண்டலத்துக்குக் கூட்டிவந்தார். வயலோரம் ஜீப் திரும்பியபோது ராஜாமணி கொட்டகையிலிருந்து பார்த்தான். ஜீப்பில் காஞ்சனா உட்கார்ந்திருந்தாள். அவளைப் பிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தான். இந்தத் தடவை அவன் ஓடவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து, ஜீப்பைப் பார்த்து நடந்து வந்தான்.

“அவள வுட்ருங்க சார். நான்தான் ராஜாமணி.”

பரசுராமன் வண்டியை நிறுத்தினார். “தெரியும்ப்பா. கைய எறக்கு. லேத்து உனுக்காகக் காத்துகினு கீது.”

ராஜாமணிக்கு ஒன்றும் புரியவில்லை. காஞ்சனா இறங்கிப்போய் அவன் கைகளைப் பிடித்து இறக்கினாள். முந்தானையால் அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

“எனக்காகவா வந்த?” என்று கேட்டாள்.

“பின்ன?”

“ஏறு. போற வழியில சொல்றேன்.”