ஈசானிய மூலையில் ஒரு மீன்தொட்டி

சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான் தங்கராஜ். நீலம். மறுபடியும் அதே பாழாய்ப்போன நீலம்.

மஞ்சளாகியிருக்க வேண்டும். மஞ்சள் என்றால் தண்ணீரில் லேசான புளிப்பு. தொட்டியில் வளர்க்கும் ராம் மீனின் முட்டை பொரிய அதுதான் வேண்டும். நீலம் என்றால் சுண்ணாம்பு. முட்டைகள் வெளுத்துச் செத்துப்போகும். ஏற்கெனவே இரண்டு முறை போய்விட்டன.

குடியிருக்கும் பருத்திப்பட்டின் போர்வெல் தண்ணீரில்தான் கோளாறு என்று கேன் தண்ணீருக்கு மாறினான். புளிப்பு ஏற, பாதாம் மரத்துச் சருகுகளைப் பொறுக்கிக் கழுவிப் போட்டான். தொட்டி டிக்காஷன் நிறமானதுதான் மிச்சம்.

"உன் இலை வைத்தியம் வேலைக்கே ஆவல," என்றான், எதிர் ஃபிளாட் முகமது ஆசிக்கிடம். ஆசிக்கும் மீன் பைத்தியம்.

"இலை மேல பழி போடாத மாமே. என் ஊட்லயும் இதே இலை, இதே கேன் தண்ணி. குஞ்சுங்க துள்ளிகினு கீது. உன் பொட்டை மீனுக்கு வயசாயிடுச்சு. இந்த தபா வுட்டா அவ்ளோதான்."

அன்றிரவே தங்கராஜ் இலைகளை இரட்டிப்பாக்கினான். காலையில் பார்த்தால் நீலம் கொஞ்சம்கூட அசையவில்லை.

"தொட்டியில எதையாவது போட்டியா?"

"உங்க சாக்கடையில நான் ஏன் கை வைக்கப் போறேன்?" மனைவி தேவிப்பிரியா தோசைக்கல்லைப் பார்த்தபடியே சொன்னாள்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தவன், ஆசிக்கையும் அழைத்துக்கொண்டு தொட்டி முன் குனிந்தான். மீன்கள் வாயால் மணலை அள்ளித் துப்பியிருந்த மூலையில், வெள்ளையாக ஒரு முதுகு.

சங்கு. கிரகப்பிரவேசத்துக்கு மாமனார் கொடுத்தது. பளபளப்பு போய், சாக்பீஸ் மாதிரி அரித்திருந்தது.

"ஈசானிய மூலையில தண்ணிக்குள்ள சங்கு இருக்கணும்னு வாஸ்துக்காரர் சொன்னார்," தேவிப்பிரியா முணுமுணுத்தாள். "சொன்னா கிண்டல் பண்ணுவீங்கன்னு புதைச்சு வெச்சேன்."

"அது கரைஞ்சுதான்டி இவ்ளோ சுண்ணாம்பு. நான் இலை போடப் போட, அந்தப் புளிப்புல இன்னும் கரையுது." சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை உள்ளே விட்டான்.

ஆசிக் முழங்கையைப் பிடித்தான். "இருடா. சங்கு மேல பாரு."

சங்கின் முதுகில், ஒட்டிய ரவை போல முட்டைகள். பெண் மீன் மேலே நின்று விசிறிக்கொண்டிருந்தது. சங்கோடு தூக்கி வேறு தண்ணீரில் வைத்தால், சுண்ணாம்பும் கூடவே வரும். சுரண்டினால் முட்டை நசுங்கும்.

"பாத்தீங்களா, இத்தனை கல்லு இருந்தும் எங்கப்பா சங்கு மேலதான்..." என்று ஆரம்பித்தாள் தேவிப்பிரியா.

தங்கராஜ் ஈரக் கையோடு நின்றான். ஓரத்தில் ஒரு முட்டை அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.