தொட்டிக்கு எத்தனை மூடி

அக்கா, இந்நேரம் மாமா அம்மாவுக்குப் போன் போட்டிருப்பார். சபை நடுவில் நான் மானத்தை வாங்கிவிட்டேன், ஞானஸ்நானம் எடுக்காமல் நின்றுவிட்டேன் என்று சொல்லியிருப்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் அவருக்கே தெரியாதது ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்து உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மாமா நமக்குச் சொந்தமில்லைதான். ஆனால் எனக்கு இந்தச் சபையைக் காட்டியவர் அவர், தங்க அறை பிடித்துத் தந்தவரும் அவர். அதனால் அவர் எது சொன்னாலும் எனக்குத் தலை தானாக ஆடும். கட்டடம் வெள்ளைக்காரர்களுடையது. காலையில் அவர்கள் ஆராதனை, மதியம் நம் தமிழ் ஆட்கள், சாயங்காலம் வேறொரு கண்டத்திலிருந்து வந்த கறுப்பு ஜனங்கள். நான் பின்னறையில் தங்கிக்கொண்டு கூட்டுவது, துடைப்பது, கதவு பூட்டுவது எல்லாம் பார்க்கிறேன். வார நாட்களில் ரொட்டி ஆலை.

ஆலையில் என்கூட வேலை செய்பவர்தான் அடுப்புக்காரர். ஐம்பத்தெட்டு வயது. நம்மைவிட நல்ல கறுப்பு. சாயங்காலக் கூட்டத்துக்கு வருபவர். போன வாரம் சூடான ரொட்டித் தட்டு சரிந்து அவருடைய இரண்டு முன்னங்கைகளும் வெந்துபோயின. "அடுப்பு எனக்கு முத்தம் குடுத்துடுச்சு. வீட்டுல சொல்லிடாத, பொறாமைப்படுவா" என்றார். அப்படி ஒரு ஆள்.

இந்த வருடம் புதுப் போதகர் ஒரு காரியம் செய்தார். மூன்று கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஞானஸ்நானம், ஒரே தொட்டி, வயது வரிசையில். மொத்தம் ஒன்பது பேர். மூத்தவர் அடுப்புக்காரர், முதலில் இறங்குவார். கடைக்குட்டி நான்.

தொட்டி மேடைப் பலகைக்கு அடியில் இருக்கிறது. நிரம்ப நாலு மணி நேரம் ஆகும், சூடேற ஒரு ராத்திரி. நடுவில் தண்ணீர் மாற்ற வழியில்லை. நிரம்பியதும் குளோரின் கேனின் மூடியால் ஒரு மூடி ஊற்ற வேண்டும். சனிக்கிழமை காலையிலேயே அதை ஊற்றிவிட்டேன்.

மத்தியானம் வெள்ளைக்கார மூப்பர் வந்தார். தண்ணீரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் இரட்சிக்கப்பட்டவங்கதான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. இருந்தாலும் இந்தத் தடவை ஆளு அதிகம். இன்னொரு மூடி போட்டுடேன்."

போன வருடம் அவர்கள் ஆட்களே பதினோரு பேர் இறங்கினார்கள். அப்போது ஒரு மூடிதான். எனக்கு அது ஞாபகம் இருந்தது. போட்டேன்.

அப்புறம் மாமா போன்.

"தம்பி, அந்த ஆளா முதல்ல எறங்குறாரு?"

"ஆமா மாமா. வயசு வரிசை."

"நான் அப்படிப்பட்டவன் இல்ல, உனக்கே தெரியும். பரலோகத்துல எல்லாரும் ஒண்ணுதான். போய்ச் சேர்ற வரைக்கும் நாமதான கொஞ்சம் பாத்துக்கணும்? அதுங்க சாபத்துல வந்த வம்சம்னு ஒரு பேச்சு வேற இருக்கு. நான் சொல்லல, சொல்றாங்க. ஒரு மூடி சேத்துப் போட்டுடு."

அதையும் போட்டேன். கால் மணி நேரத்தில் அத்தை போன்.

"மாமா எதாவது சொன்னாரா?"

"இல்ல அத்தை." ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அவருக்கு இதெல்லாம் எங்க தோணப்போகுது. நம்ம பொண்ணு வேற எறங்குறா. நீ ஒரு மூடி போடுடா, நல்லா இருப்ப."

நல்லா இருக்க வேண்டுமே. போட்டேன்.

ஞாயிறு காலை பலகையைத் தூக்கினதும் வாடை மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. முன்வரிசையில் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். மாமா போனை உயர்த்தி அம்மாவுக்குக் காட்டிக்கொண்டே, "பாத்தீங்களாக்கா, ஆரம்பிக்கவே இல்ல, அதுக்குள்ள ஜனங்க அழறாங்க" என்றார்.

ஒன்பது பேரும் வெள்ளை அங்கி போட்டு மேடையில் நின்றோம். போதகர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இருமினார். அடுப்புக்காரர் அங்கியின் கையை மடித்து, புண்ணைச் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தார். தோல் இன்னும் மூடவில்லை, ரோஸ் நிறத்தில் ஈரமாக இருந்தது. முதல் படியில் கால் வைத்தவர் நின்றுவிட்டார். ஆலையில் தட்டு கழுவுவது இதே மருந்தில்தான். அவர் மூக்குக்குத் தெரியாதா? திரும்பி என்னைப் பார்த்தார்.

"எத்தன போட்ட?"

பேசாமல் இருந்தால் அவர் இறங்கிவிடுவார், அக்கா. அவர் அப்படிப்பட்ட ஆள். போதகர் கை நீட்டிவிட்டார். எனக்கு என் அறை ஞாபகம் வந்தது, மூப்பர் ஞாபகம் வந்தது, போனில் அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் வந்தது. அவர் இரண்டாவது படிக்குக் கால் எடுத்தார்.

"எறங்காதீங்க. நாலு மூடி போட்டிருக்கேன்."

"ஒரு மூடிதானப்பா போடணும்?" என்றார் போதகர். அவர் காலரில் மைக் இருந்தது.

"மூணு பேர் தனித்தனியா கேட்டாங்க. ஏன்னு நான் ஒருத்தர்கிட்டயும் கேக்கல. எனக்குத் தெரியும்கிறதால கேக்கல."

மூப்பர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். நான் வாயைத் திறந்ததுமே மாமா போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். அத்தை மட்டும், "நான் என் பிள்ளைக்காகத்தான் சொன்னேன்" என்றாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

போதகர் குனிந்து அடைப்பைப் பிடுங்கிவிட்டார். "தண்ணி மாத்துவோம். குளிர்ந்த தண்ணிதான். யாருக்கு விருப்பமோ காத்திருங்க."

அடுப்புக்காரர் திரும்பக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையால் முடிச்சுப் போட வரவில்லை. நான் கிட்டப் போனேன். கையை விலக்கிக்கொண்டார்.

"நான் இரட்சிக்கப்பட்டு இருபது வருஷம் ஆச்சு. தண்ணிக்காக இங்க வரல. உங்க எல்லார்கூடவும் ஒரே வரிசையில ஒரு தடவ நிக்கலாம்னு வந்தேன்."

சொல்லிவிட்டு, அங்கியை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். அவர் ஆட்களும் எழுந்து போனார்கள். நம் ஆட்கள் சாப்பாட்டு நேரமாச்சு என்று கிளம்பினார்கள். தொட்டி காலியாகும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. நான் எதில் இறங்குவது, சொல்.

இன்று காலை ஆலையில் அவர் பக்கத்தில்தான் எனக்கு வேலை. தட்டை இழு, தள்ளு, இவ்வளவுதான் பேச்சு. கிண்டல் இல்லை. பத்து மணிவாக்கில் அவராகவே சொன்னார்:

"வர்ற ஞாயிறு ஆத்துல வச்சுக்கறோம். போதகர் வர்றேன்னு சொல்லிட்டாரு."

"நான் வரட்டுமா?"

"எதுக்கு?"

அந்த இடத்தில் என்னால் அடக்க முடியவில்லை.

"நாலு இல்ல, நாலரை. கடைசி அரை மூடிய யாரும் கேக்கல. ராத்திரி நானே எழுந்து போய் ஊத்தினேன்."

அவர் அடுப்புக் கதவைச் சாத்தினார். "ஏன்?"

"கடைசியா எறங்குறவன் நான், எட்டுப் பேருக்கு அப்புறம், அதனாலதான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"சொல்லிக்கிட்ட. நம்புனியா?"

"இல்ல."

"எட்டுப் பேரையும் நெனச்சியா, என்ன மட்டும் நெனச்சியா?"

"உங்கள."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஆத்துத் தண்ணி குளிரும்" என்றார். அப்புறம் கதவைத் திறந்து தட்டை வெளியே இழுத்தார்.

வா என்கிறாரா, வராதே என்கிறாரா என்று அப்போதிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறேன். நான் போகத்தான் போகிறேன். கரையில் நிற்கச் சொன்னால் நிற்பேன், போ என்றால் திரும்பி வருவேன். மாமா சொன்னதை அம்மா நம்பிக்கொள்ளட்டும், நீ மறுக்காதே. அந்த அரை மூடியை மட்டும் நானே அம்மாவிடம் சொல்கிறேன். அவள் போனை எடுக்கும்போது நீ பக்கத்தில் இரு.