மார்பளவுத் தண்ணீர்

நான் குழாய் வேலை செய்பவன். நாற்பது வருஷமாகத் தண்ணீரோடுதான் குடித்தனம். சுவருக்குள் ஒளிந்து கசிகிற குழாயைக் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் எனக்கு உயிர் போய் உயிர் வரும். ஏழு வயதில் ஒரு குளத்தில் விழுந்தேன். யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். அந்த முடி இப்போது இல்லை. பயம் மட்டும் ஒரு இழைகூடக் கொட்டவில்லை.

இதை என் மனைவியிடம் முப்பது வருஷமாகச் சொன்னதில்லை. "தெரியாது" என்ற வார்த்தை என் வாயில் வராது. தொழில் அப்படி. தெரியாது என்று ஒரு வீட்டில் சொன்னால் அந்தத் தெருவே வேறு ஆளைக் கூப்பிட்டுவிடும்.

அவள் பள்ளிக்கூட டீச்சர். நான்கு மாதத்துக்கு முன் மாடிப்படியில் வழுக்கி வலது தோள் எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது, கைதான் எழும்ப மறுத்தது. இடுப்புக்கு மேல் தூக்கினாலே பல்லைக் கடிப்பாள்.

"உங்க லீவு முடியறதுக்குள்ள, இன்னும் மூணு வாரத்துல தோள் உயரத்துக்காவது கை வரணும்மா. நீச்சல்குளத்துல இறங்கிப் பயிற்சி செய்ங்க. தண்ணிக்குள்ள வலி கம்மியா இருக்கும்" என்றார் டாக்டர்.

அவள் முகம் வெளுத்தது. "இவர் கூட இறங்கினா இறங்கறேன்" என்றாள்.

"இதென்ன பிரமாதம்? எனக்கு அதெல்லாம் தண்ணி பட்ட பாடு" என்றேன். இந்த வாயை என்ன செய்வது!

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று பழமொழி சொன்னவர் பிளாஸ்டிக் குழாயைக் கையில் தொட்டிருக்கமாட்டார். சூடு காட்டினால் எதுவும் வளையும். ஐம்பத்தேழு வயதில் எனக்கு அந்த டாக்டர் சூடு காட்டிவிட்டார். ஆஸ்பத்திரி மோட்டாரில் கோளாறு என்று வீட்டில் புளுகிவிட்டு, மறுநாள் காலையிலேயே நீச்சல்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என்னோடு சேர்ந்தவர்கள் ஏழு பேர். எல்லோருக்கும் முன்பல் விழுகிற வயது. நான் குளத்தோரக் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. அடுத்த வாரம் அவர்கள் ஆழத்துக்குப் போய்விட்டார்கள். நானும் கம்பியும் மிச்சம்.

"சார், மூச்சப் பிடிச்சு வைக்காதீங்க. தலைய முக்கி, தண்ணிக்குள்ள ஊதுங்க."

"மேடம், தண்ணியப் பாத்தா அடைக்கணும்னுதான் எனக்குத் தோணுது. நாப்பது வருஷப் பழக்கம்."

"இங்க நீங்க குழாய்க்காரருமில்ல, நான் உங்களக் கூப்பிட்ட வீட்டுக்காரியுமில்ல. ஊதுங்க."

ஊதினேன். மூக்கில் ஏறியது, காதில் ஏறியது, மானம் இறங்கியது. பத்தாம் நாள் தலையை முக்கி, ஐந்து எண்ணும் வரை ஊதிவிட்டு உயிரோடு எழுந்தேன். அந்தச் சந்தோஷத்தை எதோடு ஒப்பிடுவது என்று தெரியவில்லை. தொழிலில் இப்படி ஒரு சந்தோஷம் கிடைத்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. அன்று மத்தியானம் ஒரு வீட்டில், வால்வை எந்தப் பக்கம் திருகுவது என்று கிழவர் ஒருவர் மூன்றாவது தடவையாகக் கேட்டார். வழக்கமாக இருந்தால் கடித்துக் குதறியிருப்பேன். அவர் கையைப் பிடித்து, நானே சேர்ந்து திருகிக் காட்டினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் கெடு யாருக்காகவும் நிற்குமா? நான்கு நாள்தான் பாக்கி. நீந்தக் கற்று, பெரிய ஆளாக அவளை அழைத்துப் போக நினைத்திருந்தேன். கற்றது ஊதல் மட்டும். நீச்சல்குளப் பேச்சு வந்தபோதெல்லாம் வேலை அதிகம் என்று தட்டிக்கழித்தேன். அன்று காலை சாப்பாட்டு மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. கரும்பலகையில் எழுதக் கை எழும்பவில்லை, வேலையை விடுகிறேன் என்று தலைமையாசிரியருக்குக் கடிதம். இடது கையால் எழுதியிருந்தாள். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளின் கடிதம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போல் கோணியிருந்தது. அவளைக் கூப்பிட்டு, மேஜை முன்னால் உட்கார்ந்தேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றேன். "தண்ணின்னா பயம். உங்கூட இறங்கணும்னுதான் திருட்டுத்தனமா கத்துக்கிட்டு இருக்கேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நெசமாவா? இப்ப எவ்வளவு தெரியும்?"

"ஊதத் தெரியும்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீங்க தள்ளிப்போட்டப்பல்லாம் எனக்கு நிம்மதியாத்தாங்க இருந்துச்சு. எல்லாம் தெரிஞ்ச ஆளோட இறங்கினா, பயந்து நடுங்கறது நான் ஒருத்திதானே? வாங்க, இன்னிக்கே போலாம்."

மார்பளவுத் தண்ணீரில் இருவரும் நின்றோம். அவள் இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். வலது கை உடம்போடு ஒட்டியிருந்தது. பயிற்சி அம்மா கொஞ்சம் தள்ளி நின்றார்.

"நான் ஊதறேன், பாரு" என்று முழங்காலை மடக்கித் தலையை முக்கினேன். ஐந்து எண்ணி, தலையை மட்டும் வெளியே நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்ப அந்த ஆஸ்பத்திரி மோட்டாரு?"

"அது... பொய்."

"அடப்பாவி மனுஷா! ஆஸ்பத்திரில தண்ணியில்லாம நோயாளிங்க தவிப்பாங்கன்னு, தினமும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஒத்தக் கையால டீ போட்டுக் குடுத்தேனே!"

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு கை எழும்பி என் உச்சந்தலையில் நறுக்கென்று குட்டியது. நல்ல வலி. நிமிர்ந்து பார்த்தேன். இடது கை இன்னும் கம்பியில்தான் இருந்தது. என் தலைமேல் இருந்த வலது கையை, அது யாருடையதோ என்பது போல் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு வை" என்றேன்.