ஆயாவின் கையெழுத்து

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஆயாவைத் தேடிப் பழைய முதலாளியம்மா வந்து நின்றபோது, அங்கிருந்த அத்தனை பேரும் கைவேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா பின்னே? சோப்புத் தண்ணீர் ஓடும் அந்தத் தரையில் அப்படிப்பட்ட செருப்பு அதுவரை நடந்ததே இல்லை.

"எப்படி இருக்கீங்க ஆயா?" என்றாள். ஐந்து வருடம் அந்த வீட்டில் பிள்ளை வளர்த்தபோது 'நீ', 'வா', 'போ'தான். இன்றைக்கு எங்கிருந்து முளைத்தது இந்த 'ங்க' என்று ஆயாவுக்கு அப்போதே உறுத்தியது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, இனி ஆள் வேண்டாம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே நாளில் வெளியே அனுப்பியவள் இவள்தான். உண்மைக் காரணம் வேறு. வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகள் முன்னால் பிள்ளை அம்மாவிடம் போக மாட்டேன் என்று ஆயாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கத்தியிருந்தது. அந்த மானக்கேட்டுக்கு யாரையாவது அனுப்பியாக வேண்டுமே, பிள்ளையையா அனுப்ப முடியும்?

வந்த விஷயம் இது: கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். ஏழு வயது மகள் யாரிடம் இருப்பது என்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு. ஐயாவிடம் போனால், கடல் தாண்டி ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார். பெற்றவள் பிள்ளையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை, எல்லாம் ஆயாதான் என்பது அவருடைய வக்கீலின் வாதம். அதில் பொய்யே கிடையாது. ஆனால் முதலாளியம்மாவிடம், வருடத்துக்கு ஒன்றாக, ஆயா எழுதிய ஐந்து நோட்டுப் புத்தகங்கள் இருந்தன.

அந்த நோட்டு ஒரு தனிக் கூத்து. பிள்ளை பிறந்த நாளிலிருந்து எத்தனை மணிக்குப் பால், எவ்வளவு தூக்கம், காய்ச்சல் எத்தனை டிகிரி என்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். எழுதுவது ஆயா. ஊர் ஊராகப் பறக்கும் ஐயா வீடு திரும்பியதும் நோட்டைத்தான் முதலில் புரட்டுவார். அதனால் யார் செய்திருந்தாலும் 'அம்மா' என்றே எழுத வேண்டும் என்பது முதலாளியம்மா போட்ட சட்டம். 'அம்மா பால் கொடுத்தார்.' 'அம்மா தோளில் போட்டுத் தூங்க வைத்தார்.' பிள்ளைக்கு ஒரு தடவை நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். மூன்று நாளும் அதை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தவள் ஆயா. அம்மாவோ யாருடைய கல்யாணத்துக்கோ வெளியூர் போயிருந்தாள். 'அம்மா மூன்று நாளும் பக்கத்தை விட்டு நகரவில்லை' என்று ஆயா தன் கையாலேயே எழுதினாள். எழுதும்போது சிரிப்புக்கூட வந்தது, பாவி மனுஷிக்கு.

ஐயாவின் வக்கீலும் அவளைத் தேடி வராமலில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும் என்றார். நடந்ததைச் சொன்னால் பிள்ளை விமானம் ஏறிவிடும். ஆயா அவரை வாசலோடு அனுப்பிவைத்தாள்.

முதலாளியம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கேஸ் ஜெயிச்சா பாப்பாவ நான் பாத்துக்கலாமாம்மா?"

"உங்கள விட்டா அவளுக்கு வேற யாரு ஆயா இருக்கா?"

போதாதா? ஆயாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே சலவைக் கூடத்தில் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டாள். கோர்ட்டு முடியட்டும், அவசரப்படாதே என்று மேஸ்திரி படித்துப் படித்துச் சொன்னார். பிள்ளை வாசனை மூக்கில் ஏறிவிட்டவளுக்கு அதெல்லாம் காதில் விழுமா?

முதலாளியம்மாவின் வக்கீல் மூன்று மாலை உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். அம்மா சொல்லச் சொல்லத்தான் நோட்டில் எழுதினேன் என்று சொல்ல வேண்டும். பிள்ளையை யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டால் அம்மா. குளிப்பாட்டியது அம்மா, ஊட்டியது அம்மா. அப்படியானால் உனக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். துணி துவைத்தேன், புட்டி கழுவினேன், அவ்வளவுதான்.

சாட்சிக் கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, அப்படியே ஒப்பித்தாள். ஐயாவின் வக்கீல் எப்படியெல்லாமோ மடக்கிப் பார்த்தார். காய்ச்சல் நாட்களைப் பற்றியும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மாதான் பக்கத்துலயே இருந்தாங்க" என்றாள். நீதிபதி நோட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது: வேலைக்காரர்கள் கையில் விடாமல் தானே வளர்த்த தாயிடமே பிள்ளை இருக்கட்டும்.

தீர்ப்பு நாளன்று நடைபாதையில் ஆயா துணிப் பையோடு நின்றாள். நேரே அந்த வீட்டுக்கே போய்விடுவதாக எண்ணம். முதலாளியம்மா அவளைப் பார்த்ததும் வக்கீலைப் பார்த்தாள். வக்கீல் ஆயாவைத் தூண் மறைவுக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் விளக்கினார். ஆள் வைக்காமல் அம்மாவே வளர்த்தாள் என்று சத்தியம் செய்தது அவள்தான். இப்போது அவளே ஆயாவாகப் போய் நின்றால், அந்தப் பக்கம் அப்பீலுக்கு ஓடும். பொய்ச் சாட்சி என்று தெரிந்தால் உள்ளே போகப்போவதும் அவள்தான்.

"எப்பதாவது பாக்கவாவது வரலாமா?"

"அந்த வீட்டுப் பக்கமே வராதம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அடிப்பாவி, உன் வாயாலேயே உன்னை வெளியே தள்ளிக்கொண்டாயே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். உயரமாகிவிட்டது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. யார் தடுத்தும் நிற்காமல் கிட்டே போனாள். தன்னைப் பார்த்ததும் தாவி வரும் என்றுதான் இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

பிள்ளை தாவவில்லை. நீதிபதி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அதற்கும் வீட்டில் பாடம் நடந்திருக்கிறது.

"நீங்கதான் எங்க வீட்ல துணி துவைச்சவங்களா?" என்றது, மரியாதையாக.

முதலாளியம்மாவும் வக்கீலும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள். பின்னால், ஐயாவின் வக்கீல் இன்னும் படியிறங்கிப் போகவில்லை.

"ஆமா பாப்பா," என்றாள் ஆயா. "துணி மட்டுந்தான்."