ஆற்றுக்குப் போட்ட பேர்

பனிக்கந்தைத் தேயிலைத் தோட்டத்து ஆறான ஓயா, சுகிர்தம் காலையில் போனில் சொன்னபடியே ஓட ஆரம்பித்தது ஒரு வைகாசி மாதத்தில். அதே மாதம் ராகலைக் கடைகளில் கோதுமை மா விலை ஏறியது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் முதலில் பேசப்பட்டது மா விலைதான். முழங்கால் தண்ணீர் என்று அவள் சொன்னால் ஆறு முழங்காலுக்கு இறங்கியது. இடுப்பளவு என்றால் இடுப்புக்கு ஏறியது. சொல்லிவிட்டு ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும். இதைக் கேள்விப்பட்ட பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிரித்தார்கள், பிறகு வந்து பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

அவளுக்கு அந்த வேலை வந்த விதம் இது. துரை குடியிருந்த பழைய பங்களாவைக் கொழும்புக்காரர்கள் எடுத்து விடுதியாக்கினார்கள். பங்களாவுக்குக் கீழே ஓடும் ஆற்றில் ட்ரவுட் மீன் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலேறி வந்து, அவன் போன பிறகும் போகாமல் நின்றுவிட்ட மீன். இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோல் கட்டிய தூண்டிலை வீசி அதைப் பிடித்து, படம் எடுத்து, கொஞ்சாத குறையாகத் திரும்ப ஆற்றிலேயே விடுவதற்கென்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வந்தார்கள். பிடித்த மீனை ஏன் விட வேண்டும் என்பது லயத்துச் சனங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தை பிறந்து சித்திரை முடியும்வரை அதற்கு நல்ல காலம். தண்ணீர் குளிர்ந்து வெறுந்தேத்தண்ணீர் நிறத்தில் தெளிந்திருக்கும், மேகம் மெல்லியதாக மூடியிருக்கும், மாலையில் பூச்சி எழும்பும், மீன் மேலே வரும். வெயில் சுள்ளென்று அடித்தால் மீன் ஆள் நிழலைக் கண்டு கல்லுக்கடியில் புகுந்துவிடும். வைகாசி மழை பிடித்துவிட்டாலோ ஆறு பால் தேத்தண்ணீராகக் கலங்கும், மீனுக்கு எதுவும் கண்ணில் படாது, சீசன் அத்தோடு முடிந்தது. மலைப்பாதையின் அத்தனை வளைவும் ஏறி வந்த பிறகு கலங்கிய தண்ணீரைப் பார்த்தால் விருந்தாளிக்குக் கோபம் வராதா? அதனால் விடிந்ததும் ஆற்றைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. சுகிர்தத்தின் கணவன் அந்தோனிமுத்து ஏற்கெனவே விருந்தாளிகளுக்குக் கைவலை தூக்கிக்கொண்டு ஆற்றில் வழிகாட்டிக்கொண்டிருந்தான். மலையில் நின்று நின்று முழங்கால் போன சுகிர்தம் கங்காணி வேலையை விட்டிருந்தாள். பங்களா மனேஜர் பிரதாப் அவள் கையில் ஒரு போனைக் கொடுத்தான்.

இருபது வருசம் கங்காணியாக இருந்தவளின் பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் பேர் என்பார்கள், பாதி நாளுக்கு அரைப்பேர். பெரட்டுக் களத்தில் காலையில் ஆள் கூப்பிடும்போது, காய்ச்சலில் படுத்திருப்பவளுக்காகப் பக்கத்து நிரைக்காரி "இருக்காங்க" என்று குரல் கொடுப்பாள். நிரையில் நிற்கும் நாலு பேர் ஆளுக்கு ஒரு பிடி கொழுந்தை அவள் கணக்கில் போடுவார்கள். கங்காணி வானத்தைப் பார்த்துக்கொண்டு பேர் போட்டுவிடுவாள். நாளைக்கு அவள் இன்னொருத்திக்குச் செய்வாள். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை, சுகிர்தம் அதில் பேர்போனவள். அந்த வைகாசிக் காலையில் அவளுக்கே காய்ச்சல். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. போர்வைக்குள் இருந்தபடியே, வேலைக்கு வராத பெண்ணுக்குப் பேர் போடுவதுபோல் ஆற்றுக்கும் பேர் போட்டாள்: தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, வெறுந்தேத்தண்ணீர் நிறம், பூச்சி எழும்புகிறது. ஆற்றங்கரையில் நின்ற அந்தோனிமுத்துவின் கண் முன்னால், இடுப்புக்கு மேலே இரைந்துகொண்டிருந்த தண்ணீர் வெட்கப்பட்டதுபோல் இறங்கித் தெளிந்தது. அன்று பங்களா விருந்தாளிகள் பதினோரு மீன் பிடித்து, பதினொன்றையும் விட்டார்கள்.

பிறகு இரண்டு வருசம் பனிக்கந்தையில் சீசன் முடியவே இல்லை. ஆனியிலும் ஆடியிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்ற, குடை பிடித்த விருந்தாளிகள் தெளிந்த தண்ணீரில் தூண்டில் வீசினார்கள். லயத்துச் சனங்களும் சும்மா இருக்கவில்லை. கல்யாண ஊர்வலம் ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் முதல் நாளே வந்து சொல்லிவைத்தார்கள். பரீட்சை நாளில் வெள்ளம் வரச் சொல்லிப் பிள்ளைகள் அவளிடம் டொபி நீட்டினார்கள், அவள் வாங்கவில்லை. ஒருமுறை பயந்துபோய், "எனக்குத் தெரியாது தம்பி" என்று பிரதாப்பிடம் சொல்லிப் பார்த்தாள். ஆறு அப்படியே நின்றுவிட்டது. ஓடவும் இல்லை, வற்றவும் இல்லை. நடுவில் ஓர் இலை அசையாமல் கிடந்தது. அவள் திரும்பப் போன் எடுத்து முழங்கால் என்று சொன்ன பிறகுதான் அந்த இலை நகர்ந்தது. தன் வாய்க்கு அவளே பயப்படத் தொடங்கியது அன்றிலிருந்துதான். ஆனால் அந்தோனிமுத்துவுக்கு வருசம் முழுக்க வேலை இருந்தது. மழை மாதங்களில் வீட்டில் முடங்கிக் கிடந்தவன் இப்போது விசிலடித்துக்கொண்டு வேலைக்குப் போனான், அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

முதலில் வந்து சொன்னது லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் தனியாக இருக்கும் காளியாயி. மலைச்சரிவை ஒட்டிய பின்சுவர் வியர்க்கிறது என்றாள். சுவர் வியர்ப்பது லயத்தில் புதினமில்லை என்பதால் யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஒரு கிழமை கழித்து மறுபடியும் வந்தாள். "சுகிர்தம், ஒன் ஆத்து மீனு என் செவத்துக்குள்ள நீந்துது. வாலால தட்டிக்கிட்டே இருக்கு, ஒரு கண்ணு மூட முடியல." சுகிர்தம் போய்ப் பார்த்தாள். ஈரம் ஊறிய சுண்ணாம்புக்குப் பின்னால், நனைந்த சீலைக்குள் கை அசைவதுபோல், ஒரு ட்ரவுட் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள். சுவர் ஆற்றைப்போல் குளிர்ந்திருந்தது. கையை எடுத்துவிட்டு வெளியே வந்து மலையை அண்ணாந்து பார்த்தாள்.

ஏனென்றால் கங்காணிக்குத் தெரியும், வராதவளுக்குப் பேர் போட்டால் அவள் வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்று. ஆற்றுக்கு வராத தண்ணீர் எங்கேயோ இருக்கத்தானே வேண்டும்? இரண்டு வருசத்து மழையை லயத்துக்குப் பின்னால் நின்ற மலை வாய் திறக்காமல் விழுங்கிவைத்திருந்தது. அதன் பிறகு அவள் கண்ணுக்கு எல்லாமே தெரிய ஆரம்பித்தன. நூல் பிடித்தாற்போல் நின்ற தேயிலை நிரைகள் வயிறு தள்ளியிருந்தன. நிலைகள் சாய்ந்து லயத்துக் கதவுகள் ஒன்றையும் சாத்த முடியவில்லை. சிங்களம் பேசிய அதிகாரிகள் இரண்டு பேர் வந்து, மேலே மலையில் விழுந்திருந்த வெடிப்பைப் பார்த்து, இங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சனங்கள் பாடசாலை மண்டபத்தில் போய்த் தங்கினார்கள். லீவு முடிந்து பாடசாலை திறந்ததும் வேறு போக்கிடம் இல்லாமல் திரும்பி வந்தார்கள். சுகிர்தம் தினமும் காலையில் ஆற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திச் சொல்லப் பார்த்தாள். "அக்கா, இன்னைக்கு மட்டும் நல்லதாச் சொல்லுங்க. ஆளுங்க கொழும்புல இருந்து கெளம்பி கினிகத்தேனைய தாண்டிட்டாங்க" என்பான் பிரதாப். அவன் கெட்டவனில்லை, அவனுக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். அவளும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று முழங்காலிலேயே நிறுத்தினாள். சொன்னால் அந்தோனிமுத்துவின் வேலை போகும், சொல்லாவிட்டால் மலை வரும்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. நாலைந்து நாள் வானம் தெரியவில்லை. பெருங்கூட்டமாகத் தூண்டில்காரர்கள் வர இருந்தார்கள். அத்தனை மழையிலும், முந்தின நாள் அவள் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஆறு முழங்கால் தண்ணீரில் சலசலவென்று தெளிந்து ஓடிக்கொண்டிருந்ததுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது. அவர்கள் வர இருந்த அன்று விடிந்தபோது காளியாயியின் சுவரில் ஒரு மீன் இல்லை, ஒரு கூட்டமே இருந்தது. அடுப்படித் தரையிலும் நிழல்கள் ஓடின. சுகிர்தம் வீட்டுக்கு வந்து கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் கைவலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "ஆத்த உட்டா எனக்கு வேற என்னா தெரியும்" என்றான். பிறகு எழுந்து வலையை ஆணியில் மாட்டினான். "சரி, சொல்லிரு. நம்மள நம்பித்தான இத்தன பேரு தூங்குறாங்க."

அவள் எல்லாரையும் பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னாள். களம் லயத்துக்கு எதிர்மேட்டில், ஆற்றங்கரைச் சிலுவைக் கோயிலான அந்தோணியார் குருசடிக்கு மேலே, கெட்டியான பாறையில் இருந்தது. மழைக்குப் படங்குத் துணியைப் போர்த்துக்கொண்டு, மூட்டையும் கோழியும் பிள்ளையுமாக வந்து நின்றார்கள். பங்களா மேட்டில் இருந்ததால் அங்கே பயமில்லை. ஆனாலும் ஆற்றோரத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை என்று பிரதாப்பிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள். கீழே பாலத்தடிக் கடைக்காரர்களையும் மேலே ஏறச் சொல்லியாகிவிட்டது. பிறகு பழைய கங்காணிக் குரலில் ஆள் கூப்பிட்டாள். ஒவ்வொரு பேருக்கும் பதில் வந்தது. காளியாயி என்றாள். "இருக்காங்க" என்று வந்தது. அடுத்த பேருக்குப் போனாள், அதற்கடுத்த பேருக்கும் போனாள், எல்லாரும் வந்தாயிற்று என்று போனைக் காதில் வைத்துவிட்டாள். மறுமுனையில் பிரதாப் ஹலோ என்கிறான். அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த "இருக்காங்க" ஜெயந்தினியின் குரல். காளியாயியின் பக்கத்து நிரைக்காரி. மலைக்கு வராத காளியாயிக்காக அதே குரல் எத்தனை காலையில் பதில் சொல்லியிருக்கிறது, அவளும் பேர் போட்டிருக்கிறாள்.

சுகிர்தம் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். ஒரு சொல் தவறி விழுந்தாலும் போதும். போனை மடியில் அமுக்கி வைத்துவிட்டு, "ஜெயந்தினி, காளியாயி அக்காவ எனக்குக் கண்ணால காட்டு" என்றாள்.

ஜெயந்தினி தலை குனிந்தாள். "இப்ப வந்துர்றேன்னுதான் எறங்குனாங்க, அக்கா. கூப்பிட்டதும் பழக்கத்துல வாயில வந்துருச்சு."

அந்தோனிமுத்து சரிவில் ஓடினான். காளியாயி தன் காம்பராவில், வாளியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவர் இடிந்தால் இந்த மீன் எங்கே போகும் என்று அவனிடம் கேட்டாள். அவன் சுண்ணாம்பை இரண்டு விரலால் கீறினான். ஒரு மீன் வழுக்கி வாளிக்குள் விழுந்தது. அதன் பிறகுதான் அவள் நகர்ந்தாள். இருவரும் மேடேறி வந்து சேரும்வரை சுகிர்தம் பொத்திய கையை எடுக்கவே இல்லை. காளியாயியின் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

"தம்பி, கேட்டுக்கங்க. ஆறு குருசடிப் படியத் தொடுது. பால் தேத்தண்ணி நெறம். ரெண்டு வருசத்துத் தண்ணியும் இன்னைக்கு வேலைக்கு வந்துருச்சு. மீனு இல்ல. யாரும் வர வேணாம்."

மலை முதலில் ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு தேயிலை நிரைகளுக்கு நடுவே வெட்டிய வடிகால் கான்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நிறைந்தன, கல்லிடுக்கெல்லாம் ஊற்றெடுத்தது, வயிறு தள்ளியிருந்த நிரைகள் மெதுவாகப் பழைய இடத்துக்கு இறங்கின. கான்களில் மீன்கள் வெயில் பட்ட தகரம்போல் பளபளத்துக்கொண்டு ஆற்றுக்குப் போயின. ஆறு சொன்ன அளவுக்குக் குருசடிப் படியைத் தொட்டு, அதற்கு மேலே ஒரு விரற்கடைகூட ஏறாமல், மாலைவரை இரைந்தது. பங்களாவின் ஆற்றோரத் தோட்டமும், தூண்டில் வீசும் வளைவும், அந்தோனிமுத்துவுக்குக் கல் கல்லாகத் தெரிந்த ஆற்றுப்படுகையும் போயின. லயம் நின்றது. காளியாயியின் பின்சுவரில் மட்டும் ஒரு கை நுழையுமளவு வெடிப்பு விழுந்திருந்தது.

பங்களாவில் தூண்டில் விருந்தாளிகள் வருவது நின்றது. பிரதாப் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலுக்குப் போய்விட்டான். போகும்போது போனைத் திரும்பக் கேட்கவில்லை. அந்தோனிமுத்து ராகலையில் மரக்கறித் தோட்டமொன்றில் வேலைக்குப் போனான். கொஞ்ச காலம் ஆற்றுப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, விசிலும் அடிக்கவில்லை. சுகிர்தத்துக்கு அது வலித்தது. வாளியில் இருந்த மீனைக் காளியாயி ஆற்றில் விடவில்லை. அடுத்த மழையில் வாளி வெறுமையாக இருந்தது, மீன் சுவருக்குள் இருந்தது. ரொட்டித் துணுக்கை வெடிப்பில் வைத்தால் வந்து தின்றது. வேறிடத்தில் வீடு கட்டித்தரும் திட்டம் பற்றி அவ்வப்போது யாராவது வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். வீடு வரும்வரை லயத்துக்கு அந்த மீன்தான் மழைக் கணக்கு. அது மெதுவாக நீந்தினால் மழை பழைய மழை. வாலால் தட்ட ஆரம்பித்தால் எல்லாரும் மூட்டையோடு பெரட்டுக் களத்துக்கு ஏறுகிறார்கள். அங்கே ஆள் கூப்பிடும்போது ஒருத்தருக்காக இன்னொருத்தர் பதில் சொல்வதில்லை. ஜெயந்தினி தன் பேருக்குப் பதில் சொல்லும்போதே கையையும் தூக்குகிறாள்.

ஆறு இன்னும் அவள் சொல்லைக் கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் இல்லை, அவளுக்கும் இல்லை. காலையில் சுகிர்தம் முதலில் ஆற்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, காளியாயியின் காம்பராவுக்கு வந்து சுவரில் உள்ளங்கையை வைக்கிறாள். கை எடுக்கும்வரை வீட்டிலும் யாரிடமும் பேசுவதில்லை. இன்று காலை சுவர் காய்ந்திருந்தது. அதன் பிறகுதான் அவள் வாயைத் திறந்து, காளியாயியிடம் தேத்தண்ணீர் போடச் சொன்னாள்.